ஊர் வரலாறு எழுதிய ஆசிரியரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

பள்ளியில் வரலாறு கற்பித்துக்கொண்டே, விடுமுறை நாள்களில் தம் ஊரின் பழைய செய்திகளைத் தேடி எழுதியவர் ஒருவர் மறைந்தபின், அவருடைய வாழ்க்கையை எழுதும் பொறுப்பு பெரும்பாலும் ஒரு பழைய மாணவரிடமோ குடும்பத்தாரிடமோ வந்து சேர்கிறது. அன்பும் நன்றியும் மிகுந்த அவர்கள் கையில் அது புகழுரையாகச் சுருங்கிவிடுவதே வழக்கம். யார் எதைச் சொன்னாலும் “இதற்கு ஆதாரம் என்ன?” என்று கேட்டே பழகியவரை ஆதாரமின்றிப் புகழ்வது பொருத்தமாகாது. ஊரை அவர் எந்த முறையில் எழுதினாரோ, அந்த முறையிலேயே அவரையும் எழுத வேண்டும்.

முதல் வேலை, அவர் விட்டுச் சென்ற தாள்களை ஒழுங்குபடுத்தாமல் இருப்பது. எந்தத் தட்டில் எந்தக் கட்டு இருந்தது என்பதை ஒளிப்படம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு தாளின் மூலையிலும் மெல்லிய பென்சிலால் எண்ணிடுங்கள். பேனாவைத் தொடவே வேண்டாம். ஆவணங்கள் உருவான வரிசையைக் கலைக்கக் கூடாது என்பதை 1898இல் மூன்று டச்சு ஆவணக் காப்பாளர்கள் தங்கள் கையேட்டில் விதியாகவே வகுத்தார்கள். அந்த விதியின் அருமை எனக்குப் பட்டபிறகுதான் தெரிந்தது. முதன்முதலில் இத்தகைய வேலையில் இறங்கியபோது, ஒரு கட்டிலிருந்த கடிதங்களை ஆர்வத்தோடு ஆண்டுவாரியாகப் பிரித்து அடுக்கிவிட்டேன். ஏதோ ஒரு கேள்விக்கு விடை தேடி அவர் பல ஆண்டுகள் சேர்த்துவைத்த கடிதங்கள் அவை என்று பிறகு புரிந்தது; அந்தக் கேள்வி எது என்று கண்டறியும் வழியோ அதற்குள் கலைந்துபோயிருந்தது.

தேதியிடாத குறிப்புகளே அதிகம் கிடைக்கும். இங்கே அவருடைய ஆசிரியர் வேலை நமக்குக் கைகொடுக்கிறது. தாளை வீணாக்க மனமில்லாத ஆசிரியர்கள், மீந்துபோன வினாத்தாள்களின் பின்பக்கத்தில் குறிப்பெழுதுவது உண்டு. பின்பக்கத்தில் ஒரு பழைய பாலத்தின் அளவுகள் இருக்கின்றன, முன்பக்கத்தில் 1974 அரையாண்டுத் தேர்வு என்று அச்சாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குறிப்பு 1974க்கு முந்தியதாக இருக்க முடியாது என்று மட்டுமே இதைக் கொண்டு சொல்லலாம். அந்த ஆண்டிலேயே எழுதப்பட்டது என்று சொல்ல முடியாது, ஏனெனில் அந்தத் தாள் பத்து ஆண்டுகள் மேசை இழுப்பறையில் கிடந்திருக்கக்கூடும். மையின் நிறம், கையெழுத்தின் நடுக்கம், அடித்துத் திருத்திய இடங்கள் ஆகியவற்றையும் இப்படியே ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். மையில் எழுதிய ஓர் ஆண்டைப் பின்னாளில் பென்சிலால் அடித்து “பத்திரத்தை மறுபடி பார்” என்று அவரே எழுதியிருந்தால், அந்த ஒரு வரி பத்துப் பாராட்டுரைகளைவிட அவரை நன்றாகக் காட்டும்.

பிறகு நியமன ஆணை, மாற்றல் உத்தரவு, பணிப்பதிவேடு ஆகியவற்றிலிருந்து அவர் எந்தெந்த ஆண்டில் எந்தப் பள்ளியில் இருந்தார் என்பதைக் குறித்து, அதன் எதிரே அந்தக் காலத்தில் வெளிவந்த கட்டுரைகளைக் குறியுங்கள். மலர்களிலும் சிற்றிதழ்களிலும் சிதறிக் கிடப்பவற்றைத் தேடி எடுக்கத்தான் நாளாகும். எழுதாமல் இருந்த ஆண்டுகளையும் விட்டுவிடாதீர்கள். மாற்றலோ நோயோ குடும்பச் சுமையோ அங்கே தெரியவரலாம்.

மாணவர்களைச் சந்திக்கும்போது “சார் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமானவர்” என்ற விடைதான் கிடைக்கும். வகுப்பில் எங்கே நின்று பேசுவார், கரும்பலகையில் எதை வரைவார், எந்த இடத்துக்கு உங்களை அழைத்துச் சென்றார் என்று கேளுங்கள். ஒரே சம்பவத்தை ஐந்து பேர் ஒரே சொற்களில் சொன்னால் அவர்களை ஐந்து சாட்சிகளாகக் கொள்ள வேண்டாம். இரங்கல் கூட்டத்தில் ஒருவர் சொன்னதை மற்றவர்கள் கேட்டிருக்கக்கூடும். பேச்சை அனுமதி பெற்றுப் பதிவு செய்து, எழுத்தில் பெயர்த்த பிறகும் ஒலிப்பதிவை அழிக்காமல் வையுங்கள். அமெரிக்க வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் 1948இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், எழுத்துப்படி தயாரானதும் ஒலிநாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியதால் பல குரல்கள் இன்று இல்லை.

கடிதங்களை வெளியிடும்முன் ஒன்றைக் கவனியுங்கள்: கடிதம் பெற்றவரிடம் தாள்தான் இருக்கிறது, பதிப்புரிமை எழுதியவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ உரியது.

எழுதுபவரின் கை தயங்கும் இடம் அந்த ஆசிரியர் செய்த பிழைகள். வாய்வழிக் கதையொன்றை நம்பி ஓர் ஆண்டைத் தவறாகக் குறித்திருப்பார். பின்வந்தவர்கள் அதைத் திருத்தியிருப்பார்கள். அன்று அவருக்கு எட்டிய ஆவணங்கள் எவை, எட்டாதவை எவை என்பதைச் சொல்லிப் பிழையைப் பிழையென்றே எழுதுங்கள். கடைசிக் குறிப்பேட்டில் விடை கிடைக்காத கேள்விகளின் பட்டியல் இருந்தால், அதை அவர் எழுதிய வரிசையிலேயே பின்னிணைப்பாக அச்சிட்டு, இன்று விடை தெரிந்தவற்றுக்கு மட்டும் அடிக்குறிப்பு சேர்த்து, மற்றவற்றுக்கு எதிரே இடம் விட்டுவையுங்கள்.