பண்ணையில் நேரே ஆட்டிறைச்சி வாங்க: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஸ்காபரோவிலோ ஏஜக்ஸிலோ வந்து இறங்கியதும் எல்லோரும் கடையில் உறைந்த ஆட்டிறைச்சியைத்தான் வாங்குகிறோம். அதில் பெரும்பகுதி அவுஸ்திரேலியாவிலிருந்து வருவது. பசிக்கு அது போதும், ஆனால் ஊரில் பங்கு இறைச்சி சாப்பிட்ட வாய்க்குப் போதாது. லின்ட்சே, பீற்றர்பரோ, போர்ட் பெரி பக்கம் போனால் ஆடு வளர்க்கும் பண்ணைகள் இருக்கின்றன. மூன்று நான்கு குடும்பம் சேர்ந்தால் அந்தப் பங்கை இங்கேயும் போடலாம்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பண்ணைக்காரர் தன் ஆட்டைத் தன் வளவில் வெட்டித் தன் வீட்டாரோடு சாப்பிடலாம், அந்த இறைச்சியை உங்களுக்கு விற்க முடியாது. நீங்கள் காசு கொடுப்பது உயிர் ஆட்டுக்கு. அது உரிமம் பெற்ற இறைச்சிக்கூடத்துக்குப் போக வேண்டும், அங்கே ஆய்வாளர் வெட்ட முன்னும் வெட்டிய பின்னும் பார்த்து முத்திரை வைத்த பிறகுதான் உங்கள் கைக்கு வர வேண்டும். "அண்ணை, வாங்கோ, பின்னுக்கு வைச்சே வெட்டித் தாறன்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அகதிக் கோரிக்கை நடந்துகொண்டிருப்பவர்களுக்கு இப்படி ஒரு தலையிடி தேவையே இல்லை.

அடுத்தது விலை. "றாத்தல் இவ்வளவு" என்றால் எந்த எடைக்கு என்று கட்டாயம் கேளுங்கள். உயிர் எடை ஒன்று, தோலுரித்துக் குடல் எடுத்துத் தொங்கவிட்ட எடை இன்னொன்று, வெட்டிப் பொதியாக வருவது மூன்றாவது. 80 றாத்தல் கிடாய் தொங்கும்போது ஏறக்குறைய 40 றாத்தல் இருக்கும், எலும்போடு வெட்டி வாங்கினாலும் 30 சொச்சம்தான் வீட்டுக்கு வரும். உயிர் எடைக்கு 4 டொலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் ஆடு 320 டொலர், கையில் வந்த 32 றாத்தலுக்குக் கணக்குப் பார்த்தால் றாத்தல் 10 டொலர், வெட்டுக்கூலியும் பொதிக்கூலியும் பெரும்பாலும் அதற்கு மேல் தனி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடை விலையோடு ஒப்பிட வேண்டும்.

ஆடு தெரிவு செய்யும்போது போயர் இனம் என்றால் சதைப்பிடிப்பு நன்றாக இருக்கும். பால் பண்ணைகளில் பிறக்கும் கிடாய்க் குட்டிகள் மெலிந்தவை, விலையும் பெரும்பாலும் குறைவு, கறிக்கு நல்லாகவே இருக்கும். வளர்ந்த கிடாய் வேண்டாம், அந்த மணம் எவ்வளவு மிளகாய்த்தூள் போட்டாலும் போகாது. ஒரு வயதுக்கு உட்பட்டதாகவோ காயடித்ததாகவோ கேளுங்கள். ஹஜ் பெருநாளை ஒட்டி ஆடும் கிடைக்காது, இறைச்சிக்கூடத்தில் நாளும் கிடைக்காது, விலையும் ஏறும். இலையுதிர் காலத்திலும் அங்கே நெருக்கடிதான், முன்கூட்டியே பதிந்து வையுங்கள்.

உண்மையில் அதிக நேரம் பேச வேண்டியது பண்ணைக்காரரோடு அல்ல, இறைச்சிக்கூடத்தோடு. எப்படி வெட்ட வேண்டும் என்று ஒரு தாளில் நிரப்பச் சொல்வார்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டால் முழுத் தொடை, முழு விலா என்று அவர்கள் வழக்கப்படி வெட்டித் தந்துவிடுவார்கள், பிறகு குசினியில் கத்தியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். தொடையும் கையும் எலும்போடு ஒரு அங்குலத் துண்டு, கழுத்தும் விலாவும் ரசத்துக்குத் தனி, பொதி ஒன்றுக்கு இரண்டு றாத்தல் என்று எழுதிக் கொடுங்கள். ஈரல், இதயம், தலை, கால் வேண்டுமென்றால் பதியும்போதே சொல்லுங்கள், கேட்காவிட்டால் எறிந்துவிடுவார்கள். குடலைப் பல இடங்களில் சுத்தம் செய்து தரமாட்டார்கள். எலும்பை மின்வாளால் அறுப்பதால் துண்டுகளில் வெள்ளையாக மா மாதிரி எலும்புத் தூள் ஒட்டியிருக்கும், கத்தியின் முதுகால் வழித்துவிட்டுப் பிரட்டி வையுங்கள், இல்லையென்றால் குழம்பு நறநறவென்று இருக்கும்.

பண்ணைக்குப் போக முன் போன் எடுத்துச் சொல்லிவிட்டுப் போங்கள், கூட்டமாகப் போக வேண்டாம், கேட்காமல் பட்டிக்குள் கால் வைக்க வேண்டாம். வேறு பண்ணை மண் ஒட்டிய சப்பாத்தோடு வந்தால் நோய் பரவும் என்று அவர்கள் பயப்படுவது நியாயம்தான். ஜி1 என்ற வாகனம் ஓடப் பழகுபவருக்கான உரிமத்தோடு 401, 404 போன்ற பெருந்தெருக்களில் ஓட முடியாது, முழு உரிமம் உள்ள ஒருவரையே ஓடச் சொல்லுங்கள்.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்கள் ஆட்டைப் பதிவதற்கு முன் வீட்டுக்காரரிடம் பிரீசர் வைக்கலாமா என்று கேட்டுவிடுங்கள், கரன்ட் பில் சேர்த்து வாடகை கட்டுகிற வீடென்றால் இது பிரச்சினையாகும். ஒரு ஆட்டுக்குச் சின்னப் பிரீசரே தாராளம். மைனஸ் 18 பாகையில் வைத்தால் துண்டு இறைச்சி எட்டு மாதத்துக்குக் குறையாமல் நல்லாயிருக்கும், அரைத்தது இரண்டு மூன்று மாதம்தான், ஈரலை அதற்கு முன்பே சமைத்துவிடுங்கள். மின்சாரம் போனால் மூடியைத் திறக்காதீர்கள், நிரம்பிய பிரீசர் இரண்டு நாள்வரை தாங்கும்.