வளைகுடாவிலிருந்து கல்முனைக்கு: வீட்டுச் சாமானைக் கட்டி, மீட்டு, ஏற்றி வருவது

சவூதி, கட்டார், துபாயில் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வருகிறவர் விமானத்தில் கொண்டுவருவது கொஞ்சம்தான். மிச்சம் கப்பலில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து லொறியில் கல்முனைக்கோ காத்தான்குடிக்கோ வந்து சேர வேண்டும். இடையில் வரும் தலையிடிகள் பெரும்பாலும் பெட்டி கட்டும் அறையிலேயே தொடங்கிவிடுகின்றன.

கயிறு, டேப்பை விட முக்கியம் பட்டியல். ஒவ்வொரு பெட்டிக்கும் 1/12, 2/12 என்று இலக்கமிட்டு, மூன்று பக்கத்திலாவது தடித்த மார்க்கரால் எழுதுங்கள். பெயரும் ஊர் முகவரியும் ஒரு தாளில் பெட்டிக்குள்ளும் இருக்கட்டும். பட்டியலில் ‘வீட்டுச் சாமான்’ என்று ஒற்றை வரி போட்டால் கொழும்புச் சுங்கத்தில் எல்லாவற்றையும் திறந்து காட்ட வேண்டி வரலாம். ‘பெட்டி 4: பாவித்த ரெண்டு பிளை கம்பளி 2, பிள்ளை உடுப்பு 15, பிரஷர் குக்கர் 1’ என்று இருந்தால் அதிகாரிக்கும் வேலை சுலபம், உங்களுக்கும் சுலபம். சீல் உடைக்காத புதுச் சாமானை நாலு பெட்டியில் ஒளித்து வைப்பது வீண் கெட்டித்தனம். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, மேலே பில்லை வையுங்கள். ஒரே மாதிரி மூன்று போன் இருந்தால் அது வியாபாரச் சரக்காகத்தான் தெரியும். அடுத்த அறைக்காரர் ‘இதையும் போட்டுவிடுங்க’ என்று தரும் பார்சலைத் திறந்து பார்க்காமல் வாங்கவே கூடாது. உள்ளே கூடாத சாமான் கண்டுபிடிக்கப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அடுத்தது பெயர். பாஸ்போட்டில் முஹம்மதுக்கு நடுவில் ஒரு ‘எம்’, கார்கோ ரசீதில் இரண்டு ‘எம்’ என்றால் கொழும்பில் சாமான் நிற்கும். அதைத் திருத்த அனுப்பிய இடத்து ஏஜெண்டைத்தான் பிடிக்க வேண்டும். அதுவரை கிடங்கு வாடகை ஓடும். ரசீதைக் கையில் வாங்கியதுமே பாஸ்போட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

கப்பல் கூலி பெரும்பாலும் கன மீட்டர் கணக்கில், அதாவது சி.பி.எம். கணக்கில்தான். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால் விடை வரும். 60×50×50 பெட்டி 0.15 சி.பி.எம்.; ஏழு பெட்டி 1.05. கொள்கலனுக்குள் இரவில் ஈரம் கசியும் என்பதால், காயாத உடுப்பைக் கட்டினால் பூஞ்சணம் பிடித்துத்தான் வரும். உடுப்பு, கம்பளிக்கு மூடி இறுகும் நீல பிளாஸ்டிக் பரல் நல்லது. சவர்க்காரத் தூளையும் பேரீச்சம்பழத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள், பழத்தை வாயில் வைக்க முடியாது. பவர் பேங்க், கேஸ் சிலிண்டர் வேண்டாம். ட்ரோனுக்கும் வோக்கி டோக்கிக்கும் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும்.

சவூதியில் இருந்து வருகிறவர்கள் மின்சாதனத்தின் பின்னாலுள்ள லேபலைக் கட்டாயம் பாருங்கள். அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ‘50/60’ என்றிருந்தால் கவலையில்லை. ‘60’ மட்டுமென்றால் ஃப்ரிட்ஜ், ஏசி, வொஷிங் மெஷின் மோட்டார்கள் மெதுவாக ஓடிச் சூடேறும். ‘127 வோல்ட்’ என்று போட்ட பழைய சாமானை இங்கே நேரே செருகினால் புகைதான். அதற்குக் கப்பல் கூலி கொடுப்பதை விட அங்கேயே விற்றுவிடலாம். கட்டாரிலும் துபாயிலும் 50 ஹேர்ட்ஸ்தான்.

கொழும்பில் மீட்கும்போது சாமானுக்குரியவரே அசல் பாஸ்போட்டோடு போவதுதான் சுகம். மச்சானை அனுப்பினால் கேள்வி கூடும். ஏஜெண்டிடம் டெலிவரி ஓர்டர் (சாமானை விடுவிக்கும் கடிதம்) எடுத்து, கிடங்கில் பெட்டிகளை எண்ணி, சோதனைக்குக் காட்டி, சுங்கத் தீர்வை இருந்தால் கட்டி, கேட் பாஸ் வாங்க வேண்டும். காலையிலேயே போங்கள். டேப்பும் ஒரு கத்தியும் கையில் இருக்கட்டும், திறந்த பெட்டியை மூடித் தர அங்கே ஆள் இல்லை. ‘டோர் டு டோர்’ என்று அனுப்பியவர்கள், தீர்வை யார் பொறுப்பு என்பதை அனுப்பும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மூன்று சி.பி.எம். வரை பட்டா என்கிற சின்ன லொறி போதும், அதற்கு மேலென்றால் அதைவிடப் பெரிய கென்டர் லொறி. மட்டக்களப்புக்கு ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை வழி. இரவில் ஹபரணைப் பக்கம் யானை நிற்கும், பகலில் கடப்பதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்பாறைக்கு மகியங்கனை வழி கிட்டத்தான், ஆனால் பதினெட்டு வளைவில் உயர அடுக்கிய பாரம் சரியும். கார்த்திகை, மார்கழி மழையில் தார்ப்பாய் மேலே மட்டும் போதாது, அடியிலும் ஒன்று விரியுங்கள். தீர்வை ரசீதின் பிரதி சாரதியிடமும் ஒன்று இருக்கட்டும்.

ஃப்ரிட்ஜ் நின்றபடியே வர வேண்டும். சாய்த்துக் கொண்டுவந்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும். வீட்டில் நிமிர்த்தி ஒரு நாள் விட்ட பிறகே பிளக்கைச் செருகுங்கள். லொறிக் கூலியின் மிச்சத்தைக் கொடுப்பதற்கு முன் 1/12 முதல் 12/12 வரை பட்டியலைப் பார்த்து எண்ணிவிடுங்கள்.