கார் ஷோரூமில் அவசரப்படுத்தினால் என்ன செய்வது? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு கையேடு

ஷோரூமில் உட்கார்ந்து காபி வருவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: “மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?” இதற்கு எந்த எண்ணையும் சொல்லாதீர்கள். பதினைந்தாயிரம் என்று வாய் விட்டுவிட்டால், வண்டி விலை, வட்டி, இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ் எல்லாம் அந்தப் பதினைந்தாயிரத்துக்குள் அடங்கும்படி கடன் ஆண்டுகளை நீட்டிக் காட்டுவார்கள். எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதே அதன்பின் தெரியாது. “முதல்ல வண்டி விலையைப் பேசி முடிச்சிடுவோம், லோன் அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

விற்பவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவருக்கு மாத டார்கெட் இருக்கிறது. வண்டியோடு சேர்த்து விற்கும் இன்சூரன்ஸ், லோன், நீட்டிப்பு வாரண்டி, ஆக்சஸரீஸ் ஆகியவற்றில்தான் ஷோரூமுக்கு நல்ல லாபம். அதனால் எல்லாத் தொகையையும் ஒன்றாகக் குழைத்து ஒரே ‘ஆன்ரோடு’ எண்ணாகச் சொல்லவே பார்ப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, அதைப் பிரித்து வரி வரியாக எழுத்தில் வாங்கி, வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது.

கொட்டேஷன் எப்படி வாங்குவது

பிரசுரத்தின் பின்பக்கம் பேனாவால் கிறுக்கித் தருவது கொட்டேஷன் அல்ல. ஷோரூம் பெயர், தேதி, மாடல், வேரியன்ட், நிறம், கொட்டேஷன் எந்தத் தேதிவரை செல்லுபடியாகும் என்ற விவரத்தோடு அச்சிட்ட தாளோ, அவர்கள் அலுவலக மின்னஞ்சலோ வேண்டும். அதில் எக்ஸ்ஷோரூம் விலை (ஆயுள் வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேராத விலை), தள்ளுபடி, ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், டி.சி.எஸ். (விற்பவர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி), ஃபாஸ்டேக், ஆக்சஸரீஸ், நீட்டிப்பு வாரண்டி எல்லாம் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். “இதர செலவு” என்று ஒரு வரி இருந்தால், அது எதற்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், சேலம் என்று நான்கு ஊர்களிலும் விசாரிக்கலாம். தேசிய நெடுஞ்சாலை 44-லேயே எல்லாம் இருப்பதால் அலைச்சலும் குறைவு. ஆனால் ஒரே டீலருக்கு இரண்டு மூன்று ஊர்களில் கிளை இருப்பது சகஜம். அந்தக் கிளைகளில் வாங்கிய கொட்டேஷன்களை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்கள், தமிழ்நாட்டுக்குள் ஒரே நிறுவனம் என்றால் பெரும்பாலும் எண்ணும் ஒன்றாகவே இருக்கும்.

ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ், டெப்போ சார்ஜ் என்ற வரிகள் கொட்டேஷனில் இருந்தால் அடித்து நீக்கச் சொல்லுங்கள். ஷோரூம் வரை வண்டியைக் கொண்டுவரும் செலவு எக்ஸ்ஷோரூம் விலைக்குள் அடக்கம். பதிவுக்கு விண்ணப்பிப்பதும், அதே மாநிலத்தில் விற்கும் புது வண்டிக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 41-ஆம் பிரிவின்படி டீலரின் கடமை. மத்திய விதிகளின்படி சொந்தக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய். லோன் இருந்தால் அதைப் பதிவுச் சான்றில் குறிக்க 1,500 ரூபாய். ஸ்மார்ட் கார்டு, சேவைக் கட்டணம், சாலைப் பாதுகாப்பு வரி ஆகியவை சேரும். “ஆர்.டி.ஓ. செலவு” என்று மொத்தமாக ஒரு பெரிய தொகை போட்டிருந்தால், “ரசீதில் என்ன இருக்கிறதோ அதைத் தருகிறேன்” என்று சொல்லுங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் ரசீது வரும். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டுக்கும் தனிப் பணம் கேட்கக் கூடாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு அதன் விலை வண்டி விலையிலேயே சேர்ந்தது.

“இன்னும் நாற்பதாயிரம் போட்டா டாப் மாடல் சார்”

எல்லோரையும் சாய்க்கும் வாசகம் இது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் நடப்பில் உள்ள ஆயுள் வரி விகிதங்களைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சத்தைத் தாண்டினால் கூடுதல் தொகைக்கு மட்டும் வரி ஏறாது, முழு விலைக்கும் ஏறும்.

9.80 லட்ச வண்டிக்கு 13 சதவீதம் என்றால் 1,27,400 ரூபாய். வேரியன்ட் மாற்றி 10.20 லட்சத்துக்குப் போனால் 18 சதவீதமாகி 1,83,600. வரியில் மட்டும் 56,200 கூடுகிறது. பத்து லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீத டி.சி.எஸ். 10,200 ரூபாயும் உண்டு. இதை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம் என்றாலும் இன்றைக்குக் கையிலிருந்து போவது போவதுதான். ஆக அந்த “நாற்பதாயிரம்” உண்மையில் 1,06,400 ரூபாய். இன்சூரன்ஸும் விலையோடு ஏறும். சன்ரூஃபுக்கு அவ்வளவு கொடுக்கத் தயாரா என்று வீட்டில் பேசிக்கொண்டு பிறகு முடிவெடுங்கள்.

இன்சூரன்ஸ்: அதிகம் மிச்சப்படும் இடம்

“எங்ககிட்டதான் எடுக்கணும், கம்பெனி ரூல்” என்பார்கள். அப்படி விதி எதுவும் இல்லை. எந்த நிறுவனத்தில் வேண்டுமானாலும், யார் மூலமாக வேண்டுமானாலும் எடுக்கலாம். புதுக் காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் (நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) மூன்று ஆண்டுகளுக்குக் கட்டாயம். அதன் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் அறிவித்தபடி மூன்றாண்டுக்கு 1000 சி.சி. வரை 6,521 ரூபாய், 1500 சி.சி. வரை 10,640, அதற்கு மேல் 24,596. இந்தப் பகுதியை யாரும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. வித்தியாசம் எல்லாம் சொந்தச் சேதப் பகுதியிலும், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தருவது), ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டி முழுதும் போனால் இன்வாய்ஸ் விலை தருவது) போன்ற சேர்ப்புகளிலும்தான். ஒப்பிடும்போது இரண்டு பாலிசிகளிலும் ஐ.டி.வி. (வண்டி முழுதும் போனால் கணக்கில் எடுக்கும் வண்டி மதிப்பு) தொகையும் சேர்ப்புகளும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், ஐ.டி.வி.யைக் குறைத்துவிட்டு “மலிவு” என்று காட்டுவது வெளியில் விற்பவர்களும் செய்வதுதான்.

“வெளியே எடுத்தா இங்க கேஷ்லெஸ் கிடைக்காது” என்று அடுத்து வரும். கேஷ்லெஸ், அதாவது பழுதுச் செலவை இன்சூரன்ஸ் நிறுவனமே நேரடியாகக் கட்டுவது, அந்த நிறுவனத்துக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஒப்பந்தம். நிறுவனத்தின் தளத்தில் உள்ள கேரேஜ் பட்டியலில் அந்த ஒர்க்‌ஷாப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் இந்தப் பேச்சு முடிந்தது. வெளியே எடுக்க இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் போட்ட புரொஃபார்மா இன்வாய்ஸ் (இறுதி பில்லுக்கு முன் தரும் பில்) தேவை. அதைப் பதிவுக்கு முந்தைய நாளே கேட்டு வாங்குங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் “டைம் இல்ல சார்” என்று அவர்கள் பாலிசியையே போட்டுவிடுவார்கள்.

பழைய கார் வைத்திருந்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. க்ளெய்ம் இல்லாமல் சேர்ந்த நோ க்ளெய்ம் போனஸ், அதிகபட்சம் 50 சதவீதம் வரை, உங்களுடையது, வண்டியோடு போகாது. பழைய வண்டியை விற்றபின் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் அதற்கான சான்று வாங்கினால் மூன்று ஆண்டுக்குள் புது வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். ஷோரூமில் இதை யாரும் தாமாகச் சொல்வது அபூர்வம்.

லோன்

ஷோரூம் போகும் முன்பே உங்கள் வங்கியில் வட்டி விகிதம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் ‘ஃபிளாட் 6 சதவீதம்’ (முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி) என்றால் மயங்க வேண்டாம். 8 லட்சத்துக்கு ஐந்து ஆண்டு ஃபிளாட் 6 என்றால் வட்டி 2,40,000 ரூபாய். கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போடும் வங்கிக் கணக்கில் இது ஏறக்குறைய 10.85 சதவீதம். வங்கியில் சொல்லும் 9 சதவீதம் இதைவிட மலிவு. ஆண்டை நீட்டுவதும் அப்படித்தான்: அதே 8 லட்சம், 9 சதவீதத்தில் ஐந்து ஆண்டு என்றால் மாதம் 16,607 ரூபாய், ஏழு ஆண்டு என்றால் 12,871. மாதம் நாலாயிரம் குறைகிறது என்று சொல்வார்கள். மொத்த வட்டி சுமார் 85,000 ரூபாய் கூடுவதைச் சொல்ல மாட்டார்கள்.

2024 அக்டோபர் முதல், கார் லோன் உட்படத் தனிநபர்கள் வாங்கும் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. வட்டி, பிராசசிங் கட்டணம், கடன் இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த ஆண்டு சதவீதம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதைக் கேளுங்கள். மாங்காய், தக்காளி, பட்டுக்கூடு என்று சீசனில் பணம் பார்க்கும் குடும்பங்கள், இடையில் மொத்தமாகக் கட்டினால் என்ன கட்டணம், வருடத்துக்கு எத்தனை முறை கட்டலாம் என்பதை அந்தத் தாளிலும் கடன் ஒப்பந்தத்திலும் கட்டாயம் பார்க்க வேண்டும். நிலையான வட்டி கார் லோன்களில் முன்கூட்டியே முடிக்கக் கட்டணம் இருப்பது வழக்கம்.

நாள், நட்சத்திர நெருக்கடி

“ஆயுத பூஜைக்கு டெலிவரி வேணும்னா இன்னைக்கே புக் பண்ணிடுங்கண்ணா, இந்தக் கலர்ல ஒரே வண்டிதான் இருக்கு.” நம் ஊரில் இதைவிட வேலை செய்யும் நெருக்கடி வேறில்லை. நல்ல நாளில்தான் எடுக்க வேண்டும் என்றால் அந்த நாளுக்கு ஆறேழு வாரம் முன்பே பேச ஆரம்பியுங்கள். கடைசி வாரத்தில் போனால் விலை பேசும் பலம் உங்களிடம் இருக்காது. மாறாக, ஆடியிலும் மார்கழியிலும் ஷோரூம் காற்று வாங்கும், தள்ளுபடி கூடும். ஆடியில் விலையைப் பேசி எழுதி வாங்கி, ஆவணியில் டெலிவரி எடுக்கலாம். விலை டெலிவரி வரை மாறாது என்ற வாசகம் புக்கிங் படிவத்தில் இருக்க வேண்டும். டிசம்பரில் தயாரான வண்டியை ஜனவரியில் எடுத்தால் மறுவிற்பனையில் அது ஒரு வருடம் பழைய வண்டி. அதற்கேற்ற தள்ளுபடி கேளுங்கள்.

“மேனேஜர்கிட்ட பேசிட்டு வரேன்” என்று போய்ப் போய் வந்து உங்களை மூன்று மணி நேரம் உட்கார வைத்தால், எழுந்துவிடுங்கள். “வீட்ல கேட்டுட்டு சொல்றேங்க” என்ற ஒரு வாக்கியம் போதும். காரணம் விளக்கப் போனால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் பதில் இருக்கும். இன்றைக்குக் கிடைக்கும் தள்ளுபடி, டார்கெட் பாக்கி இருக்கும்வரை நாளைக்கும் கிடைக்கும். மாதக் கடைசி என்றால் அவர்களே போன் செய்வார்கள்.

புக்கிங் பணத்தை விற்பவரின் சொந்த ஜி-பேக்கு அனுப்பாதீர்கள். ஷோரூமின் நிறுவனக் கணக்குக்கு மட்டும், ரசீதோடு. ரத்து செய்தால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதும் ரசீதில் இருக்கட்டும். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் ஷோரூமை அனுமதிப்பதில்லை.

ஆக்சஸரீஸும் பழைய வண்டியும்

மேட், மட் ஃபிளாப், சீட் கவர், பாடி கவர் என்று ஒரு பேக்கேஜைக் “கட்டாயம்” என்பார்கள். கட்டாயமில்லை. வெளிக்கடையில் இதே சாமான் பெரும்பாலும் மலிவு. ஒயர் வெட்டிப் பொருத்தும் கேமரா, ஹார்ன், லைட் மட்டும் வெளியில் வேண்டாம். அந்த மின் இணைப்புகளுக்கு வாரண்டி மறுப்பார்கள். சீட்டில் பக்க ஏர்பேக் இருந்தால் அதற்கென்று தைத்த கவர்தான் போட வேண்டும், இல்லையென்றால் ஏர்பேக் விரிய வழி இருக்காது. நீட்டிப்பு வாரண்டியைப் பெரும்பாலான நிறுவனங்களில் முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். நாள் ஆக ஆக விலை ஏறும் என்பது உண்மை, ஆனால் அன்றே முடிவு செய்யத் தேவையில்லை.

எக்ஸ்சேஞ்ச் பேச்சைப் புது வண்டி விலை முடிந்த பிறகே எடுங்கள். முன்பே எடுத்தால் பழைய வண்டிக்கு இருபதாயிரம் கூட்டி, தள்ளுபடியில் அதே இருபதாயிரத்தைக் குறைப்பார்கள். வெளியில் இரண்டு பேரிடம் விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியை ஒப்படைத்த பிறகும் ஆர்.சி. (பதிவுச் சான்று) பெயர் மாறும்வரை பொறுப்பு உங்களுடையது: விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. பழைய வண்டி வாங்கும் டீலர்களுக்கு அங்கீகாரச் சான்று தரும் முறை 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. அப்படி அங்கீகாரம் பெற்றவர் என்றால் படிவம் 29சி வழியாக ஒப்படைத்ததை ஆன்லைனில் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐ வெறுமையாகக் கையெழுத்திட்டுக் கொடுக்காமல், வாங்குபவர் பெயரும் தேதியும் நிரப்பிக் கொடுத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு முன் வண்டியைப் பார்ப்பது

இன்வாய்ஸும் பதிவும் முடிந்துவிட்டால் வண்டியை மாற்றுவது மிகக் கடினம். அதனால் முழுப் பணம் கட்டும் முன் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். யார்டு சேலத்திலோ ஓசூரிலோ இருந்தால் அங்கேயே போங்கள். சேஸிஸ் எண் 17 எழுத்துகளும் இன்வாய்ஸோடு ஒத்திருக்க வேண்டும். தயாரிப்பு மாதமும் வருடமும் படிவம் 21, 22-இல் (விற்பனைச் சான்று, தயாரிப்பாளர் சான்று) இருக்கும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்து டயர்களிலும் பார்க்க வேண்டும். ஓடோமீட்டர் நூறு கிலோமீட்டருக்கு மேல் காட்டினால் ஏன் என்று கேளுங்கள், டெமோ வண்டியாக இருக்கலாம். பம்பர் ஓரங்கள், கதவு விளிம்புகளில் பெயின்ட் நிறம் மாறுகிறதா, ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டு சாவி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நம்பர் பிளேட் மாட்டாமல் வண்டியை ஒப்படைக்கச் சட்டம் இடம் தரவில்லை; “நாளைக்கு மாட்டிடலாம், இப்ப எடுத்துட்டுப் போங்க” என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

ஓசூர் பக்கத்துக்காரர்களுக்குப் பெங்களூரு ஷோரூம் தள்ளுபடி ஆசை காட்டும். அங்கு வாங்கினாலும் தமிழ்நாட்டு முகவரிக்கே பதிவு செய்யுங்கள். கர்நாடக எண்ணோடு இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டினால் மறுபதிவு செய்து வரியும் கட்ட வேண்டும்.

பணம் வாங்கிவிட்டு ரசீது தராவிட்டாலோ, சொல்லாத கட்டணத்தைச் சேர்த்தாலோ முதலில் ஷோரூம் மேலாளருக்கும் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசியது நிற்காது. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இன்சூரன்ஸ் தொடர்பானது என்றால் 155255. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மனு செய்யலாம். ஷோரூம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கட்டணம், வண்டிக்குக் கொடுத்த தொகை 5 முதல் 10 லட்சத்துக்குள் என்றால் 200 ரூபாய், 10 முதல் 20 லட்சத்துக்குள் என்றால் 400. கொட்டேஷன், புக்கிங் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், இன்வாய்ஸ் நான்கும் கையில் இருந்தால் வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.