டேப்பட் கவரில் முகம் பார்க்க

வண்டியின் அலுமினியப் பாகத்தைக் கண்ணாடி மாதிரி மின்ன வைக்கும்போது, பஃபிங் வீல் (மெருகேற்றும் துணிச் சக்கரம்) வைத்தால் கோடெல்லாம் மறைந்துவிடும் என்று நம்பித்தான் பாதிப் பேர் அலுமினியத்தைக் கெடுக்கிறார்கள். வீல் கோட்டை அழிக்காது, கோட்டுக்கும் சேர்த்துப் பளபளப்பு ஏற்றிவிடும். 320-ம் நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) விட்டுப்போன ஒரு கீறல், வேலை முடிந்து வெயிலில் நிறுத்தும்போது பல்லிளிக்கும்.

முதலில் என்ன உலோகம் என்று பாருங்க. காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாததெல்லாம் அலுமினியம் என்றும் சொல்ல முடியாது. சில வண்டிகளில் மெக்னீசியக் கலவைப் பாகங்கள் உண்டு, அதன் தூள் சட்டென்று தீப்பிடிக்கும். பெயிண்ட் இல்லாத உட்புறத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டு நுரைத்தால் மெக்னீசியம், அதை அப்படியே வைத்துவிடுங்க. தகடும் கம்பியும் நன்றாக மின்னும். டேப்பட் கவர் (இன்ஜின் வால்வுகளை மூடும் மூடி), இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) போன்றவை வார்ப்பு. சிலிக்கான் கலந்திருப்பதால் என்ன செய்தாலும் லேசான சாம்பல் சாயல் நிற்கும். கோயமுத்தூர்ப் பக்கம் பம்ப்செட் வார்ப்பு பார்த்தவர்களுக்கு ஊசித்துளை புதிதல்ல. மேல்தோல் போனதும் அது வெளியே வரும். தேய்க்கத் தேய்க்கப் புதுத் துளை கிளம்பினால் அந்தப் பாகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பாகங்களில் கையே வைக்காதீங்க.

பாகத்தை வண்டியிலிருந்து கழற்றித்தான் வேலை. மண்ணெண்ணெய் அல்லது டீசலில் கழுவி, பெயிண்ட் ரிமூவரால் பழைய பெயிண்ட்டை எடுங்க. கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்புத் தகடு) உட்காரும் முகத்துக்குக் கெட்டியான டேப் ஒட்டி, மரை ஓட்டைகளை அடையுங்க. அந்த முகம் தேய்ந்தால் ஆயில் கசியும்.

வாட்டர் பேப்பர் வரிசை (நம்பர் கூடக் கூட நைசு): சொரசொரப்பான வார்ப்புக்கு 220, பிறகு 320, 400, 600, 800, 1000, 1500, 2000. ஒரு கவருக்கு 320-லும் 400-லும் மூன்று மூன்று ஷீட், மற்றதில் இரண்டிரண்டு போதும். தண்ணீரில் நாலு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, பேப்பரைப் பத்து நிமிஷம் ஊறப்போடுங்க. சமதளத்தில் வெறும் விரலால் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாகும், ரப்பர் துண்டில் சுற்றித் தேய்க்கணும். 320-ஐ நெடுக்கே தேய்த்தால் 400-ஐக் குறுக்கே. பழைய திசைக் கோடு ஒன்றுகூட மிச்சமில்லாமல் போனால்தான் அடுத்த நம்பர். இந்த இடத்தில்தான் பொறுமை போகும். துடைத்துக் காயவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடிங்க. நேரே அடித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல ஏமாற்றும், சாய்த்து அடித்தால் கோடு நிழலோடு தெரியும். நம்பர் மாறும்போது பாகத்தையும் கையையும் கழுவி, வாளித் தண்ணீரையும் மாற்றுங்க. 400-இன் ஒரு துகள் 1500-இல் மாட்டினால் திரும்ப 600-க்கு இறங்க வேண்டியதுதான். ஆடிக் காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மண்ணை வாரிக் கொட்டும் நாளில் போர்ட்டிகோவில் உட்கார்ந்து இந்த வேலை ஆகாது.

வீலுக்கு, நிமிஷத்துக்கு 2800 சுற்று (ஆர்.பி.எம்.) சுற்றும் பெஞ்ச் கிரைண்டரில் 6 இஞ்ச் துணி பஃப் பொருத்துங்க. ஆங்கிள் கிரைண்டர் 11,000 வரை சுற்றும், அதில் இந்த வீலை மாட்டினால் பிய்ந்து பறக்கும். நெருக்கமாகத் தைத்த வீலில் பழுப்புக் கம்பவுண்ட் (வீலில் பூசும் மெருகுக் கட்டி), தைக்காத தளர்ந்த வீலில் வெள்ளை. ஒரு வீலுக்கு ஒரே கம்பவுண்ட், அதையும் இரண்டு விநாடி தொட்டால் போதும். பாகத்தை வீலின் மையத்துக்குக் கீழே பிடிங்க. வீல் சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கமாக நகர்த்தினால் வெட்டும், அதே திசையில் மெதுவாக நகர்த்தினால் மினுப்பு ஏறும். மேல் ஓரத்தைக் காட்டினால் பிடுங்கி எறியும். தொளதொள கையுறையும் துண்டும் ஆகாது, கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். இரும்பு தேய்க்கும் கிரைண்டரில் அலுமினியத் தூள் சேர்ந்தால் பொறி பட்டுத் தீப்பற்றும், முதலில் நன்றாகக் கூட்டி எடுங்க. ஈரமான தூளை மூடிய டப்பாவில் அடைக்காதீங்க, ஹைட்ரஜன் கிளம்பும்.

கறுப்புக் கோடாக இழுவினால் கம்பவுண்ட் அதிகம். மங்கலாக, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆனால் அழுத்தமும் சூடும் அதிகம், பாகம் ஆற விடுங்க. துளைக்குப் பின்னால் வால் நீண்டால் ஒரே திசையில் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம், பாகத்தைத் திருப்பிக்கொண்டே இருங்க.

மிஞ்சிய பிசுக்குக்குச் சோள மாவைத் தூவி, திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைங்க. தையல், எலாஸ்டிக் உள்ள துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு நூறு சதவீதம் காட்டனாக எடுங்க. பிறகு மெட்டல் பாலிஷ் பேஸ்ட், கடைசியில் கார் வாக்ஸ். மேலே கிளியர் கோட் அடிக்கிறவர்கள் உண்டு. கண்ணாடிப் பரப்பில் அது சரியாகப் பிடிக்காது, உரியும்.

கழுவ போர் தண்ணி வேண்டாம், உப்புப் பூத்து வெள்ளைப் புள்ளி விழும். சிறுவாணித் தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ போதும், உடனே துடைக்கணும். மழைக்காலத்தில் மாசத்துக்கு ஒரு முறை பேஸ்ட்டும் வாக்ஸும் போடுங்க. பித்தளைக் குடத்துக்குப் போடும் புளியையும் சாம்பலையும் கிட்டே கொண்டுவராதீங்க. ஒன்று புளிப்பு, மற்றது காரம், இரண்டுமே ஒரே தேய்ப்பில் மினுப்பை மங்கடித்துவிடும்.