காற்றே இல்லை, ஆனாலும் 8 டிகிரி விலகல்

வீட்டு விமான சிமுலேட்டரில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) பயிற்சி. முதல் ஐஎல்எஸ் அப்ரோச் (ரேடியோ வழிகாட்டலில் ஓடுபாதையை நெருங்குவது) நேர்கோடு. அரை மணி கழித்து என்டிபி ஹோல்டிங்கில் (தரை ரேடியோ நிலையத்தை ஒட்டிச் சுற்றிக் காத்திருப்பது) எப்போதும் 8 டிகிரி விலகல். நான்கு நாள் இதிலேயே போயிற்று.

ஜாய்ஸ்டிக்கை மறுபடி காலிபரேட் செய்தேன். ரடர் பெடலின் நல் ஜோனை (சிறு அசைவைக் கணக்கில் எடுக்காத இடைவெளி) கூட்டினேன். காற்றைப் பூஜ்யமாக்கினேன். மாற்றமில்லை.

துப்பு கொடுத்தது திசைதான். வடக்கிலிருந்து காற்றடித்தால் 090 டிராக்கில் (தரைமேல் நகரும் திசை, 090 என்றால் கிழக்கு) மூக்கை 082-இல் பிடிக்க வேண்டும். திரும்பி 270-இல் வரும்போது 278. அதாவது, திருத்தம் பக்கம் மாறும். எனக்கோ 098, 278 என்று இரு பக்கமும் கூட்டவே வேண்டியிருந்தது. அப்படியென்றால் அது காற்றல்ல, மூக்கின் திசையை ஜைரோவால் (சுழலும் சக்கரம்) காட்டும் ஹெடிங் இண்டிகேட்டர். செட்டிங்கில் 'ஜைரோ டிரிஃப்ட்' (ஜைரோ மெல்ல நகர்ந்து பிழை காட்டுவது) ஆன் ஆகியிருந்தது.

அதை அணைக்காதீர்கள். நிஜ ஜைரோவும் நகரும்: உராய்வு ஒருபுறம், பூமிச் சுழற்சியால் 30 டிகிரி அட்சரேகையில் மணிக்கு 7.5 டிகிரி இன்னொருபுறம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கைகளை மட்டமாக்கி, வேகத்தை மாற்றாமல், காம்பஸ் அசைவு நின்றபின் படித்து, ஹெடிங் இண்டிகேட்டரின் குமிழைத் திருகி அதனுடன் பொருத்துங்கள். திரும்பும்போதோ வேகம் கூட்டும்போதோ படித்தால் காம்பஸே பொய் சொல்லும். நான் முதலில் பொருத்தியது அப்படித்தான் வீணானது.

டிஜிட்டல் திரை காக்பிட்டில் மேக்னடோமீட்டர் (காந்தப்புல உணரி) தானே திருத்திவிடும். அதனால் அங்கே பழகியவர்களுக்கு இது கண்ணில் படாது. இப்போது அப்ரோச் செக்லிஸ்டின் முதல் வரியே காம்பஸ்தான்.