ஞாயிற்றுக்கிழமை மலையேற்றம்: எங்கே கோட்டை விடுகிறோம்?

சேலத்துக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். வடக்கே சேர்வராயனும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. இத்தனையையும் மொட்டை மாடியிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று ஒருநாள் டீக்கடையில் பேசியதில் தொடங்கியது எங்கள் குழு. பன்னிரண்டு வருடம் ஆகிறது. கொலுசுப் பட்டறைக்காரர், பள்ளி ஆசிரியை, வங்கி ஊழியர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று முப்பது பேர் இருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு ஏதாவது ஒரு மலை.

இத்தனை வருடத்தில் நாங்கள் செய்யாத தவறு கிடையாது. யோசித்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை மலையில் நடக்கவே இல்லை. சனிக்கிழமை இரவு வாட்ஸ்ஆப்பில், வேனுக்கு எத்தனை பேர், சாப்பாடு யார் கொண்டு வருவது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே நடந்து முடிந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை அதன் பலன் மட்டும் தெரிந்தது.

"எத்தனை கிலோமீட்டர்?"

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. "எட்டு கிலோமீட்டர்தானா? நான் தினமும் ஐந்து கிலோமீட்டர் வாக்கிங் போகிறேனே!" என்பார்கள். மலைக்கு அந்தக் கணக்கு உதவாது. எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்றுதான் கேட்க வேண்டும்.

1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு எளிய கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். போகவர எட்டு கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர் என்றால் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலே வரும். ஆனால் அது குளிர் நாட்டில், நன்றாக நடந்து பழகியவர் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. நம் வெயிலுக்கும் நம் முழங்காலுக்கும் அதை ஒன்றரை மடங்காக்கிக் கொள்ளுங்கள். புளிசாதம் சாப்பிட, போட்டோ எடுக்க ஒரு மணி நேரம். ஐந்து மணி நேரம் ஆகிவிட்டதா? ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்கினால் உச்சி வெயிலில் நடுமலையில் நிற்பீர்கள். நாங்கள் இப்போதெல்லாம் ஐந்தரைக்கே அடிவாரத்தில் இருப்போம். "அவ்வளவு சீக்கிரமா?" என்று முனகுகிறவர்களே பத்து மணிக்கு நன்றி சொல்வார்கள்.

ஆனால் இந்தக் கணக்குக்கும் அடங்காத மலைகள் உண்டு. கொல்லிமலை ஆகாயகங்கை அப்படி ஒன்று. எழுபது கொண்டை ஊசி வளைவுகளை வண்டியே ஏறிவிடும். நீங்கள் அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். மற்ற மலைகளில் கஷ்டம் முன்னால், இதில் கஷ்டம் பின்னால். இறங்கும்போது ஆட்டமும் பாட்டுமாகப் போவார்கள், தண்ணீரை எல்லாம் குடித்து முடித்துவிடுவார்கள், குளித்து வயிறு முட்டச் சாப்பிடுவார்கள். அப்புறம் படியேற நிமிர்ந்து பார்ப்பார்கள். எங்கள் குழுவில் முதல் தடவை போனபோது நூறு படிக்கு ஒருவர் உட்கார்ந்தார், ஒருவர் வாந்தி எடுத்தார். அந்த ஒருவர் நான்தான். ஏறும்போது குடிக்கத் தண்ணீரில் பாதியாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது அன்று படித்த பாடம்.

திரும்பும் நேரத்தையும் புறப்படும் முன்பே முடிவு செய்ய வேண்டும். "பதினோரு மணி ஆனால், எங்கே நின்றாலும் திரும்பல்" என்பதுபோல. உச்சிக்கு இன்னும் பத்து நிமிடம்தான் என்று யாராவது கட்டாயம் சொல்வார். அந்தப் பத்து நிமிடம் நாற்பது நிமிடமாவதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. மாலை நடை என்றால் இன்னும் கறாராக இருக்க வேண்டும். நம் பக்கம் சூரியன் விழுந்தால் அரை மணி நேரத்தில் கும்மிருட்டு. கிழக்குச் சரிவில் அதற்கும் முன்பே நிழல் கட்டிவிடும். போன் வெளிச்சம் போதும் என்று நினைப்பது தவறு. வழி பார்க்கவும் ஆளைக் கூப்பிடவும் அதே போனின் சார்ஜ்தான் வேண்டும். தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று, பகல் நடைக்கும் சேர்த்து.

வேகமானவர்களும் மெதுவானவர்களும்

குழுவாகப் போவதில் வரும் தவறுகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

காட்சி இப்படி இருக்கும். இளவட்டங்கள் விறுவிறுவென்று முன்னால் போய் ஒரு பாறையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கடலைமிட்டாய் தின்று கால் நீட்டியிருப்பார்கள். பின்தங்கியவர்கள் இருபது நிமிடம் கழித்து மூச்சு வாங்க வந்து சேர்வார்கள். "வந்துட்டாங்கப்பா, கிளம்பலாம்!" என்று முன்னவர்கள் எழுந்துவிடுவார்கள். ஆக, ஓய்வு தேவைப்படாதவர்களுக்கு இருபது நிமிடம் ஓய்வு. தேவைப்படுகிறவர்களுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. இதையே நாலு முறை செய்தால் பின்னால் வருகிறவர் கால் பின்னி விழாமல் என்ன செய்வார்? இப்போது கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கு ஓய்வு நேரமே தொடங்கும். மிக மெதுவாக நடப்பவர், வழிகாட்டிக்கு அடுத்து இரண்டாவது ஆளாக வருவார். வரிசை முழுக்க அவர் வேகத்தில்தான். இளவட்டங்களுக்குப் பிடிக்காதுதான், ஆனால் பழகிவிட்டார்கள்.

கடைசியில் வருவதற்கு அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. இயற்கை உபாதைக்கு ஒதுங்குகிறவர்கள்கூட அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். தலை எண்ணுவதைக் கண்ணால் செய்யாதீர்கள். ஒருமுறை "எல்லாரும் இருக்காங்க" என்று ஒருவர் மேலோட்டமாகப் பார்த்துச் சொல்ல, நாங்கள் அரை மணி நேரம் நடந்த பிறகுதான் இரண்டு மாணவர்கள் இல்லை என்று தெரிந்தது. பாதை பிரியும் இடத்தில் ஆட்டுத் தடத்தைக் குறுக்குவழி என்று நினைத்துப் போயிருக்கிறார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கூட்டி வந்து விட்டார். விட்டதோடு எங்களை நன்றாகத் திட்டவும் செய்தார். அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு எண். ஒன்று, இரண்டு என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும். பாதை பிரியும் இடத்தில் கடைசி ஆள் வரும்வரை யாரும் நகரக் கூடாது.

அப்புறம் இந்த வசனம்: "நீங்க இங்கேயே உட்காருங்க, வரும்போது கூட்டிட்டுப் போறோம்." இதைச் சொல்லவே சொல்லாதீர்கள். முடியாமல் உட்கார்ந்தவருக்கு மயக்கம் வந்தால் பார்க்க ஆள் இருக்காது. வந்த வழியிலேயே நீங்கள் திரும்புவீர்கள் என்பதும் நிச்சயமில்லை. ஒருவர் நின்றால் அவரோடு இன்னும் இருவர் இறங்க வேண்டும். "பரவாயில்லைங்க, நான் மெதுவா வந்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். நம் ஊரில் முடியவில்லை என்று சொல்லக் கூச்சம். அதனால் நெஞ்சுவலி, சர்க்கரை, ஆஸ்துமா எல்லாவற்றையும் புறப்படும் முன்பே தனியாகக் கேட்டுக்கொள்வோம், பொதுக் குழுவில் கேட்பதில்லை. கோவைப் பக்கம் வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் மூச்சுத் திணறி இறந்துபோன செய்திகள் சீசனில் வருகின்றன. பக்தியோ வைராக்கியமோ இதயத்துக்குத் தெரியாது.

"நம்ம ஆளுதான், ஒன்றும் கேட்க மாட்டாங்க"

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். இது தெரிந்தே "உள்ளூர் ஆள் ஒருத்தர் கூட்டிட்டுப் போறார்" என்று போகிறவர்கள் நிறைய. அபராதம்தானே என்று நினைக்கிறார்கள். உண்மையான ஆபத்து அதுவல்ல. நீங்கள் உள்ளே இருப்பது வனத்துறைக்குத் தெரியாது. எங்கே தீ எரிகிறது, எங்கே யானை நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

2018 மார்ச் 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்களைப் போலவே வார இறுதிக்குக் கிளம்பி வந்தவர்கள். அந்தச் செய்தி வந்த இரவு எங்கள் குழுவில் ஒருவரும் எதுவும் எழுதவில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் நாங்கள் ஒரு காய்ந்த புல்வெளிச் சரிவில் அனுமதி இல்லாமல் நடந்துவிட்டு, படங்களைப் போட்டுப் பெருமைப்பட்டிருந்தோம்.

தீ சரிவில் மேல்நோக்கி வேகமாகப் போகும். கீழே எரியும் நெருப்பின் சூடு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. பகலில் காற்றும் பெரும்பாலும் சரிவின் வழியே மேலேறும். பயத்தில் மேலே ஓடத் தோன்றும், ஆனால் அது தீ வரும் வழி. பக்கவாட்டில் விலகி, பாறை நிலமோ ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடமோ தேட வேண்டும். நைலான், பாலியெஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும். இதெல்லாம் தெரிந்திருப்பது நல்லது. பிப்ரவரி நடுவிலிருந்து காட்டுப் பக்கமே போகாமல் இருப்பது அதைவிட நல்லது.

குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் நாற்பது பாதைகளை அறிவித்து, ஆன்லைனில் பதிவு செய்து உள்ளூர் வழிகாட்டியோடு போகும் திட்டம் தொடங்கியது. கட்டணம் அதிகம் என்று எங்கள் ஆட்கள் புலம்புவார்கள். ஆனால் காட்டை அறிந்த ஒருவர் கூட வருவதன் மதிப்பு போய்ப் பார்த்தால்தான் தெரியும். நாம் பூவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் ஒடிந்த கிளையையும் ஆவி அடங்காத யானை லத்தியையும் பார்த்துவிட்டு, "திரும்பலாம் சார்" என்பார். ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் திரும்ப வேண்டும். கேள்வியைக் கீழே வந்து கேட்கலாம்.

தீக்காலத்தில் குழு கலைந்துவிடக் கூடாது என்று நாங்கள் அந்த மாதங்களில் சங்ககிரிக்குப் போகிறோம். தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்ட மலைக்கோட்டை. விடிகாலையில் ஏறி, பாறை சுடத் தொடங்கும் முன் இறங்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஏதாவது ஏரிக்கரையில் பறவை பார்ப்போம். மலையே ஏறாத மலையேற்றக் குழு என்று கிண்டல் செய்கிறவர்கள் செய்யட்டும்.

தண்ணீர்

உள்ளே போகிற தண்ணீர் முதலில். ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் என்பது பஸ் பயணத்துக்குச் சரி. அரைநாள் ஏற்றத்துக்கு மூன்று லிட்டர் வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு வியர்வையில் உப்பை இழந்தால் தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் வரலாம். ஒரு லிட்டருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு; கடையில் விற்கும் ஓஆர்எஸ் பொட்டலம் இன்னும் வசதி. முந்தைய இரவு மது அருந்தியவரை நாங்கள் வேனிலேயே ஏற்றுவதில்லை. இதில் நட்பு முறிந்த கதையும் உண்டு.

வெளியே ஓடுகிற தண்ணீர் இன்னும் மோசம். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. தெளிந்த ஓடை கலங்கத் தொடங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ பையைக்கூட எடுக்காமல் கரையேறுங்கள். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் தண்ணீரைக் கடக்க முயலாமல் காத்திருங்கள். காட்டாறு ஏறுவதுபோலவே வடியவும் செய்யும். ஒரு மணி நேரம் தாமதமாக வீட்டுக்குப் போவதால் யாரும் கெட்டுப்போவதில்லை.

சில்லறைத் தவறுகள்

புது ஷூவை மலையில் திறப்பு விழா செய்யாதீர்கள். இரண்டு வாரம் வீட்டைச் சுற்றி நடந்து பழகுங்கள். கால் நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், இறங்கும்போது புரியும். ஜீன்ஸ் நனைந்தால் கல் மாதிரி கனக்கும். செண்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள், பாறையில் மலைத்தேனீ கூடு இருந்தால் அதன் அடியில் சத்தமும் புகையும் வேண்டாம். ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறவர்களைப் பற்றி எழுதினால் எனக்கு ரத்தக்கொதிப்பு வரும், விட்டுவிடுகிறேன். அட்டை கடித்தால் பதற வேண்டாம்; நெருப்பு வைக்காமல், நகத்தால் அதன் வாய்ப்பக்கம் நெம்பித் தள்ளினால் போதும்.

பாம்பு கடித்தால் மட்டும் சில்லறை விஷயமில்லை. கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டி இறுக்குவது எல்லாமே கெடுதல். கடிபட்டவரை நடக்க விடாமல், கடித்த கை காலை அசைக்காமல், தூக்கிக்கொண்டு இறங்கி விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒருவரை மாற்றி மாற்றித் தூக்க ஆறு பேராவது வேண்டியிருக்கும். அதனால்தான் மூன்று நான்கு பேராகக் கிளம்புவதை நான் ஊக்குவிப்பதில்லை. இருபதுக்கு மேல் போனாலும் சமாளிக்க முடியாது.

எங்களுக்கு இது உறைக்கவே பல வருடம் ஆனது: வண்டி ஓட்டுகிறவரும் கூடவே மலையேறுவது. அதிகாலை எழுந்து, ஐந்து மணி நேரம் ஏறி இறங்கி, வயிறாரச் சாப்பிட்டவர், தூக்கக் கலக்கத்தோடு எழுபது வளைவுகளை இறக்குகிறார். நாங்கள் பின்சீட்டில் குறட்டை விடுகிறோம். ஒருமுறை வளைவில் வண்டி சுவரை உரசி நின்றது. அதற்குப் பிறகு தனியாக ஒரு டிரைவர் அண்ணனை அமர்த்திக்கொண்டோம். அவர் இதுவரை எங்களோடு ஒரு மலைகூட ஏறியதில்லை. அடிவாரத்தில் வேன் கதவைத் திறந்து போட்டு, துண்டை முகத்தில் மூடிக்கொண்டு தூங்குவார். நாங்கள் இறங்கி வந்து, எண் சொல்லி முடித்து, அவரை எழுப்பி டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஏறுகிறோம்.