ஆளில்லாத கூடார இடம் தேடுவது எப்படி: கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில்

சனிக்கிழமை சாயங்காலம் உலு லங்காட் ஆற்றோரம் போய்ப் பாருங்கள். இரண்டு கூடாரத்துக்கு நடுவில் பாய் விரிக்க இடம் இருக்காது. நாலு பக்கமும் கராவோக்கே. அதே ஆற்றங்கரை செவ்வாய்க்கிழமை காலியாகக் கிடக்கும். அதனால் முதல் வழி காசு செலவில்லாதது: பள்ளி விடுமுறை இல்லாத வாரமாகப் பார்த்து, வாரநாளில் லீவு போடுங்கள். லீவு கிடைக்காதவர்களுக்குத்தான் மீதி எல்லாம்.

நான் இருப்பது செலாயாங்கில். வண்டி பழைய மைவி, சின்னக் கார், மேடுபள்ளம் அதிகம் தாங்காது. கூட வருவது மச்சான். நாங்கள் தேடுவதெல்லாம் தித்திவங்சா மலையடிவாரத்தில்தான்: வடக்கே பத்தாங் காலி, கோல குபு பாரு, தெற்கே உலு லங்காட், செமினி, காராக் நெடுஞ்சாலை ஏறினால் ஜண்டா பாய்க், பெந்தோங். நெரிசல் இல்லையென்றால் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால்.

முதலில் கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து மெதுவாக நகர்த்துங்கள். வரிசை வரிசையாக நட்சத்திரம் நட்டதுபோல் தெரிந்தால் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம். அதை விடுங்கள், எலி இருக்கும், எலி தின்னப் பாம்பு வரும், காவலாளியும் வருவார். இடைவெளியே இல்லாத கரும்பச்சை பெரும்பாலும் வனக்காப்பகம். அந்தந்த மாநில வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் கால் வைக்கக்கூடாது. 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 47ஆம் பிரிவில் மாட்டினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அணைக்கட்டுக்கு மேலே நீர்ப்பிடிப்புப் பகுதி என்று பலகை தெரிந்தாலும் வண்டியைத் திருப்புங்கள்.

நான் தேடுவது இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதை. மரங்கள் உயரமும் குட்டையுமாக, நடுவில் ஒரு தகரக் கூரை, ஓரத்தில் ஓடை. அது யாரோ ஒருவருடைய டுரியான், மங்குஸ்தீன் தோப்பு. வனக்காப்பகத்தை ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது. பின்பக்கம் காடு, முன்பக்கம் உரிமையாளர். அனுமதி கேட்க ஒரு மனிதர் இருக்கிறார் என்பதுதான் இதில் பெரிய வசதி.

அவரைப் பிடிப்பதற்கு, அந்தச் சாலையின் கடைசி ஒட்டுக்கடையில் உட்கார்ந்து ஒரு தே தாரேக் (ஆற்றிய பால் டீ) சொல்லுங்கள். "பாக்சிக், டூசுன் சித்து சியாப்பா பூன்யா?" (ஐயா, அந்தத் தோப்பு யாருடையது?) என்று மலாயில் கேட்டால் போதும், யாராவது ஃபோன் போட்டே கொடுத்துவிடுவார்கள். எத்தனை பேர், எந்த வண்டி, எப்போது கிளம்புவோம் என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். நான் இருபது ரிங்கிட் நீட்டுவேன். பாதிப் பேர் வாங்க மாட்டார்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை டுரியான் சீசனில் கேட்கவே வேண்டாம். தோப்புக்காரர் ராத்திரி திருடனுக்காகக் காத்திருப்பார், பழம் நம் தலைக்காகக் காத்திருக்கும். கோல குபு பாரு பக்கம் தெமுவான் என்னும் பூர்வகுடி மக்களின் கிராமங்கள் உண்டு. அங்கே கேட்க வேண்டியது தோக் பாத்தின் எனப்படும் கிராமத் தலைவரிடம்.

சரி, இடம் கிடைத்தது. அன்றைக்கே தங்காதீர்கள். ஒரு நாள் பகலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் முதலில் பார்ப்பது ஓடையை அல்ல, ஓடைக்கரைப் புதரை. கிளைகளில் காய்ந்த இலை, குச்சி, கிழிந்த பிளாஸ்டிக் பை சிக்கியிருக்கும். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, சேறு காய்ந்த நிறத்தில். போன வெள்ளம் அந்த உயரம் வரை வந்திருக்கிறது என்று அர்த்தம். அது என் இடுப்புக்கு இருந்தால், கூடாரம் என் தலைக்கும் மேலான மேட்டில்தான். கெப்பாலா ஆயேர் என்கிற காட்டாற்று வெள்ளம் வர நம் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டியதில்லை, மலையில் பெய்தால் போதும். தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் சாமானை எடுக்க நிற்காமல் மேலே ஏறுங்கள்.

மேடு என்றதும் மலைச்சரிவின் அடியில் போய்ப் போட்டுவிடாதீர்கள். 2022 டிசம்பர் 16 விடியற்காலை, பத்தாங் காலி அருகே ஒரு முகாமின் மேலிருந்த சரிவு இடிந்து 31 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தூக்கத்தில் இருந்தவர்கள். மரங்கள் சாய்ந்து நிற்கிற சரிவு, புதிதாக வெட்டிய செம்மண், மேலே சாலை, இதில் எது தெரிந்தாலும் நான் அங்கே படுப்பதில்லை. அப்புறம் நிமிர்ந்து பட்ட கிளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அநேகமாக நிச்சயம். மதியத்துக்குள் போய், கூடாரம் போடுவதற்கு முன்பே ஃப்ளைஷீட்டை, அதாவது மேலே கட்டும் மழை விரிப்பை, கட்டிவிடுங்கள். மரத்தடியில் ஆறரைக்கே இருட்டிவிடும். அட்டை கடிக்காமல் இருக்க நீளக் காலுறைக்குள் பேண்டைச் செருகினால் போதும். காலில் புண் இருந்தால் ஓடையில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் பயம் உண்டு.

உள்ளே சிக்னல் இருக்காது. வரும் வழியில் கடைசியாகக் கோடு காட்டிய இடத்தை மனதில் வையுங்கள், அவசர எண் 999க்கு அழைக்க அங்கேதான் ஓடி வர வேண்டியிருக்கும். அங்கிருந்தே வீட்டுக்கு லொகேஷனும், தோப்புக்காரர் நம்பரும் அனுப்பிவிடுங்கள். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒரு தோப்பை நாங்கள் இப்படித்தான் இழந்தோம்: எவரோ படத்தோடு பகிர, அடுத்த முறை போனபோது வாசலில் இரும்புக் கேட்டும் புதுப் பூட்டும்.